மாமனார் வீட்டில் தெத்: கத்தோலிக்கன் ஊதுவத்தி பிடிக்கலாமா?

கேட்டவர் எழுதியது நீளம், சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இவர் நம்ம ஊர்க் கத்தோலிக்கர், மனைவி வியட்நாம் கத்தோலிக்கர். கல்யாணத்துக்குப் பிறகு வரும் முதல் தெத், அதாவது 2027 பிப்ரவரியில் வரும் வியட்நாமியப் புத்தாண்டுக்கு, மாமனார் வீட்டுக்குப் போகிறார். அங்கே முன்னோர் படங்களுக்கு முன்னால் ஊதுவத்தி பிடித்துத் தலை குனியச் சொல்வார்களாம். இது சிலை வழிபாடு இல்லையா என்பது முதல் கேள்வி. பங்கில் ஒருவர் "அது பேய்க்குப் படைத்த சாப்பாடு, தொடாதே" என்று வேறு பயமுறுத்தியிருக்கிறார். மூன்றாவது, விழா முடிவதற்குள் சாம்பல் புதன் (தவக்காலத்தின் முதல் நாள், கறி விலக்கும் நாள்) வந்துவிடுகிறதே, கறி சாப்பிடலாமா?

முதலில் பதில், அப்புறம் காரணம். போங்கள், ஊதுவத்தி பிடியுங்கள், குனியுங்கள். உங்கள் மனைவியின் நாட்டு ஆயர்கள் இதை 1965-லேயே அனுமதித்துவிட்டார்கள். சாம்பல் புதன் விஷயம் கொஞ்சம் சுவாரஸ்யமானது, கடைசியில் வருகிறேன். நான் ஆடை ஏற்றுமதி வேலையாகச் சைகோனில் ஒன்பது வருஷம் இருந்தவன், ஒன்பது தெத்தும் அங்கேயே பூசை பார்த்தவன். சாமியார் இல்லை, அதனால் இறையியல் நுணுக்கத்துக்கு உங்கள் பங்குத்தந்தையையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்கூட்டியே ஒன்று. அங்கே போய் "சைனீஸ் நியூ இயர்" என்று வாழ்த்திவிடாதீர்கள், முகம் சுருங்கும். நாள்காட்டிக் கணக்கு ஒன்றுதான், ஆனால் வியட்நாம் தன் நேரத்தை வைத்து அமாவாசையைக் கணக்கிடுகிறது. சீனாவுக்கும் அவர்களுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். அந்த ஒரு மணி நேரத்தால் 2007-ல் தெத் ஒரு நாள் முந்தியது, 1985-ல் ஒரு மாதமே முந்தி வந்தது. சீனர்களின் முயல் வருஷம் இவர்களுக்குப் பூனை வருஷம்.

சரி, இதில் கத்தோலிக்கர்கள் எங்கே வருகிறார்கள்? வியட்நாமில் ஏறக்குறைய 70 லட்சம் கத்தோலிக்கர்கள், 27 மறைமாவட்டங்கள். பக்கத்து வீட்டுக்காரன் கொண்டாடுகிறான், நாமும் பேருக்குக் கொண்டாடுவோம் என்பது போல அவர்கள் தெத்தை ஓரமாக நின்று கொண்டாடுவதில்லை. திருப்பலிப் புத்தகத்திலேயே தெத்துக்குத் தனிப் பூசைகள் இருக்கின்றன. பழைய வருஷத்தின் கடைசி நாள் இரவு நன்றிப் பூசை. முதல் நாள் புது வருஷத்தின் அமைதிக்காக. இரண்டாம் நாள் முன்னோர்களுக்காகவும் தாத்தா பாட்டி, தாய் தந்தையருக்காகவும். மூன்றாம் நாள் செய்யும் தொழில் புனிதமாகட்டும் என்று. மூன்றாம் நாள் வாசிக்கும் நற்செய்தி தாலந்து உவமை. தையல் மிஷின் ஓட்டுகிற பெண்களும் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர்களும் நிறைந்திருக்கும் கோயிலில் உட்கார்ந்து அதைக் கேட்டால், மண்ணில் குழி தோண்டிப் பணத்தைப் புதைத்த அந்த வேலைக்காரன் மேல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கோபம் வரும்.

முதல் நாள் நற்செய்தி மத்தேயு 6: வயல்வெளி மலர்களைப் பாருங்கள், நாளையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வருஷம் முழுக்க எப்படி இருக்குமோ என்று ஊரே ஜோசியம் பார்க்கிற நாளில் வாசிப்பதற்கு இதைவிடப் பொருத்தமாக எதைத் தேர்ந்தெடுத்திருக்க முடியும்?

ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் இரண்டாம் நாளில்தான் இருக்கிறது. அன்றைய நற்செய்தி மத்தேயு 15-ன் தொடக்கம். பரிசேயர்கள் கேள்வி கேட்க வருகிறார்கள், இயேசு அவர்களைத் திருப்பிப் பிடிக்கிறார்: தாய் தந்தையை மதி என்று கடவுள் சொன்னார், நீங்களோ "உங்களுக்குத் தர வேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கையாக்கிவிட்டேன்" என்று சொல்லிப் பெற்றவர்களைக் கைவிடுகிறீர்கள், கடவுள் பெயரால் கடவுளின் கட்டளையையே ஒன்றுமில்லாமல் ஆக்குகிறீர்கள். இந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்தவர்கள் திருச்சபையின் சொந்த வரலாற்றை மனதில் வைத்துத்தான் தேர்ந்தெடுத்தார்களா தெரியாது, ஆனால் அந்த வரலாறு தெரிந்தவனுக்கு அது சுருக்கென்று குத்தும். ஏனென்றால் சுமார் இருநூறு வருஷம், கடவுள் பெயரைச் சொல்லித்தான் முன்னோருக்கு முன் குனியாதே என்று தடுத்து வைத்திருந்தார்கள்.

கதை சுருக்கமாக. 1627-ல் வடக்கு வியட்நாமுக்குப் போன சேசு சபைக் குரு அலெக்சாந்தர் தெ ரோத் (வியட்நாம் மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் முறையை 1651-ல் அகராதியாகவும் ஞானோபதேசமாகவும் அச்சேற்றியவர்) தெத்தை ஒழிக்கப் பார்க்கவில்லை. அதன் மூன்று நாளையும் தந்தை, மகன், தூய ஆவி என்று பங்கிட்டுக் கொடுத்தார். புத்தாண்டுக்கு வீட்டு வாசலில் நடும் நெடுங்கம்பத்தின் உச்சியில் சிலுவையை வைக்கச் சொன்னார். எளிய மனிதர்களுக்குச் சொன்ன விளக்கமும் குடும்பத்திலிருந்தே தொடங்கியது: வீட்டில் ஒரு தந்தை, நாட்டுக்கு ஒரு தந்தை, அதற்கு மேல் விண்ணக ஆண்டவர். ஆனால் அவருக்கும்கூட முன்னோர் ஆவிக்குச் சோறு படைப்பது, காகிதப் பணம் எரிப்பது எல்லாம் பிடிக்காது, கடுமையாகவே எழுதியிருக்கிறார்.

அப்புறம் சீனச் சடங்குச் சண்டை வந்தது. சீனாவில் பணியாற்றிய மத்தேயோ ரிச்சியின் வழியில் வந்த சேசு சபையார் முன்னோர் வணக்கம் மரியாதைதான், வழிபாடு இல்லை என்றார்கள். மற்ற சபைகள் பலவும் "இல்லை, அது மூடநம்பிக்கைதான்" என்றன. 1704-ல் ரோம் தடை விதித்தது, 1715-ல் பதினொன்றாம் கிளமெந்து அதை இறுக்கினார், 1742-ல் பதினான்காம் பெனடிக்ட் இனி பேச்சே வேண்டாம் என்று முடித்துவைத்தார், குருக்கள் சத்தியம் செய்துகொடுத்துவிட்டுத்தான் அங்கே பணிக்குப் போக வேண்டும் என்ற அளவுக்கு. நம்ம பக்கமும் இதில் உறவு உண்டு. சீனாவுக்குப் போகிற வழியில் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் அதே 1704-ல் புதுச்சேரியில் தங்கி, தெ நொபிலியின் மதுரை மிஷனிலிருந்து வந்த தமிழ் வழக்கங்கள் பலவற்றுக்குத் தடை போட்டுவிட்டுத்தான் கப்பல் ஏறினார். மலபார் சடங்குச் சண்டை என்பார்களே, அது. தாலியும் மஞ்சள் நீராட்டும் அந்தப் பட்டியலில் இருந்தன. இன்று நீங்கள் தாலி கட்டிக் கல்யாணம் செய்துகொண்டு, தைப் பொங்கலுக்குக் கோயில் முற்றத்தில் பானை வைத்துவிட்டு, ஊதுவத்திக்குப் பயப்படுகிறீர்கள்!

இன்னொரு புதுச்சேரிக் கதை. பிஞோ தெ பெஹேன் என்ற பிரெஞ்சு மிஷனரி, வியட்நாமில் தொல்லை வந்தபோது தன் குருமாணவர் பள்ளியைப் புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள வீராம்பட்டினத்துக்குக் கொண்டுவந்தவர், 1774-ல் மயிலை சாந்தோமில் ஆயராக அபிஷேகம் பெற்றவர். பின்னால் வியட்நாம் அரச வாரிசு நுயென் ஆன், தன் சின்னஞ்சிறு மகன் கான் என்ற இளவரசனை இவர் கையில் ஒப்படைத்தார். பையன் 1785, 86-ல் புதுச்சேரியில் இருந்துவிட்டுப் பாரிஸ் போய், 1789-ல் நாடு திரும்பினான். திரும்பியவன் மூதாதையர் பீடத்தின் முன் குனிய மாட்டேன் என்றுவிட்டான். தகப்பனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், அதுவும் முன்னோர் வழியில் அரியணைக்கு உரிமை கோருகிற தகப்பனுக்கு. இந்தத் தடை எவ்வளவு பெரிய சுவரை எழுப்புகிறது என்று பிஞோவுக்கே அப்போது புரிந்தது, தளர்த்தச் சொல்லி ரோமுக்கு எழுதினார். பலன் இல்லை. கான் 1801-ல் அம்மையில் இறந்தான். தம்பி மின் மாங் 1820-ல் பேரரசரானார். 1833-ல் அவர் போட்ட தடையாணையிலிருந்து பெரிய துன்புறுத்தல்கள். 1988-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் புனிதர்களாக உயர்த்திய வியட்நாம் மறைசாட்சிகள் 117 பேரில் பெரும்பாலோர் அவர் காலத்திலும் அடுத்தடுத்த அரசர்கள் காலத்திலும் கொல்லப்பட்டவர்கள். காரணம் சடங்கு மட்டும் என்று சொல்ல மாட்டேன், அந்நிய ஆதிக்க பயம், கலகங்கள் என்று அரசியல் நிறைய. ஆனாலும் "மதத்தில் சேர்ந்தவன் தாத்தா பாட்டியை விட்டவன்" என்ற வசை அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் வயதானவர்கள் வாயில் கேட்கலாம்.

1939 டிசம்பரில் பன்னிரண்டாம் பயஸ் காலத்தில் சீனாவுக்கான தடை நீங்கியது. வியட்நாமுக்கு அது வந்து சேர இன்னும் 25 வருஷம்: ஆயர்கள் கேட்டு, 1964 அக்டோபரில் ரோம் அனுமதித்து, 1965 ஜூனில் அறிவித்தார்கள். 1974 நவம்பரில் நா திராங் நகரில் ஆயர்கள் கூடி எது சரி, எது கூடாது என்று நடைமுறையாக எழுதிவைத்தார்கள். உங்களுக்கு வேண்டியது அதுதான். வீட்டில் முன்னோர் பீடம் வைக்கலாம், ஆனால் ஆண்டவரின் பீடத்துக்குக் கீழே. மூடநம்பிக்கைப் பொருள் எதுவும் அதில் இருக்கக் கூடாது. ஊதுவத்தி, மெழுகுவர்த்தி, பூ, பழம், தலை வணங்குவது எல்லாம் சரி. காகிதப் பணம் எரிப்பது கூடாது. திதி நாளை ஊர் வழக்கப்படி அனுசரிக்கலாம், அதில் வைக்கும் படையல் நன்றியின் அடையாளமாகத் தெரிய வேண்டும், செத்தவர் வந்து சாப்பிடுவார் என்ற அர்த்தத்தில் இருக்கக் கூடாது.

மாமனார் வீட்டில் நீங்கள் பார்க்கப்போவதும் இதுவாகத்தான் இருக்கும். சுவரில் உயரத்தில் சிலுவை அல்லது திரு இருதயப் படம், பக்கத்தில் மாதா, ஒரு படி கீழே தாத்தா பாட்டி படங்கள். ஆனால் வீட்டுக்கு வீடு மாறும். 1954-ல் நாடு பிரிந்தபோது வடக்கிலிருந்து தெற்கே வந்த லட்சக்கணக்கான கத்தோலிக்கர்களின் வீடுகள் சிலவற்றில், பழைய கண்டிப்பு இன்னும் போகவில்லை. பாட்டிமார் ஊதுவத்தியைத் தொட மாட்டார்கள், ஜெபமாலை மட்டும்தான். பெரியவரானபின் ஞானஸ்நானம் பெற்றவர் வீட்டில் பீடம் பெரிசாகவே இருக்கும். இரண்டும் கத்தோலிக்க வீடுதான்.

இப்போது சிலை வழிபாடா என்பதற்கு என் கருத்து. நாம் பழைய மந்திரப் புத்தகத்தில் "பிதா மாதாவைச் சங்கித்திருப்பாயாக" என்று படித்தோமே, அந்த நாலாம் கட்டளைக்கு வியட்நாம்காரர்கள் கொடுக்கும் உடல் வடிவம் குனிவது. உயிரோடு இருக்கும் பாட்டிக்குப் புத்தாண்டு அன்று குழந்தைகள் கைகட்டி நின்று வாழ்த்துச் சொல்வதும், இறந்த பாட்டியின் படத்துக்கு முன் குனிவதும் அவர்களுக்கு ஒரே செயலின் இரண்டு பாதி. கல்லறைத் திருநாளன்று நாம் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறோமே, நம்மை யாராவது பார்த்து "கல்லறையைக் கும்பிடுகிறான்" என்றால் சிரிப்பு வராதா? அங்கே இரண்டாம் நாள் பூசையைப் பல பங்குகளில் கல்லறைத் தோட்டத்திலேயே வைக்கிறார்கள். தெத்துக்கு முன்பே குடும்பமாகப் போய்க் களை பிடுங்கி, கல்லறையைக் கழுவி வைத்திருப்பார்கள். முதல் முறை நான் போனபோது, பூசை முடிந்ததும் ஒவ்வொரு கல்லறையையும் சுற்றிக் குடும்பங்கள் தனித்தனியாக நின்றதும், ஊதுவத்திப் புகையில் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே போனதும் இன்னும் கண்ணில் இருக்கிறது.

கோடு வேறு இடத்தில் ஓடுகிறது, அது பேரம். தாத்தா, இந்த வருஷம் கடை நல்லா ஓடணும், காகிதத்தில் கார் எரிக்கிறேன் என்று தொடங்கினால் அது முன்னோருக்கு மரியாதை இல்லை, லஞ்சம். சீட்டு எடுத்துக் குறி பார்ப்பது, ராசிப்படி இந்த வருஷம் எனக்குக் கெட்ட காலம் என்று பரிகாரம் தேடுவது, இவற்றைத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் நேரடியாகவே மறுக்கிறது (எண் 2116). உண்மையைச் சொன்னால் ஞாயிறு தவறாமல் பூசைக்கு வரும் கத்தோலிக்கர்களிலும் இதைச் செய்கிறவர்கள் உண்டு. நம்ம ஊரில் ராகுகாலம் பார்த்து நற்கருணைக்குப் போகிறவர்கள் இல்லையா, அந்தக் கணக்கு.

பேரத்தைக் கழற்றிவிட்டு வழக்கத்தை வைத்துக்கொண்ட அழகான உதாரணம் ஒன்று உண்டு. புத்தாண்டு இரவு கோயில், புத்த விகாரை என்று போய் ஒரு துளிரை ஒடித்து வீட்டுக்குக் கொண்டுவருவது பழைய வழக்கம். 'லோக்' என்ற சொல்லுக்குத் துளிர் என்றும் பொருள், பாக்கியம் என்றும் பொருள், அதனால் துளிரோடு அதிர்ஷ்டமும் வீட்டுக்கு வருகிறது. மரங்கள் மொட்டையானதுதான் மிச்சம். கத்தோலிக்கக் கோயில்களில் இதையே மாற்றி, தெற்கே மஞ்சள் மாய் மரத்திலும் வடக்கே பீச் மரத்திலும் விவிலிய வசனம் எழுதிய சுருள்களைத் தொங்கவிடுகிறார்கள், ஆளுக்கொன்று பறித்துக்கொள்ளலாம். அதைப் பிரிக்கும்போது முகங்களைப் பார்க்க வேண்டும். "உன் சிலுவையைத் தூக்கிக்கொண்டு வா" என்று வந்துவிட்டால் இன்னொன்று எடுக்கலாமா என்று சாமியாரிடம் கெஞ்சுகிற மாமிகளை ஒவ்வொரு வருஷமும் பார்த்திருக்கிறேன்!

எனக்கு மிகப் பிடித்தது இன்னொன்று, தெற்கத்திப் பழத்தட்டு. முள்சீதா, தேங்காய், பப்பாளி, மாம்பழம். வரிசையாகப் பெயர் சொன்னால் தெற்கத்தி உச்சரிப்பில் "செலவுக்குப் போதுமான அளவு வேண்டுகிறோம்" என்று ஒலிக்கும். கோடி வேண்டாம், போதுமான அளவு. பரலோக மந்திரத்தில் நாம் கேட்கிற அனுதின உணவுக்கும் இந்தப் பழத்தட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே சொல்லுங்கள்.

படையல் சாப்பாட்டு பயத்துக்கு வருவோம். மாமனார் வீட்டில் பிரச்சினையே இல்லை, ஜெபம் சொல்லித்தான் சாப்பிடுவார்கள். கத்தோலிக்கர் அல்லாத உறவினர் வீட்டில் பீடத்திலிருந்து இறக்கிய தட்டு வந்தால்? பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் இதே கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்: அழைத்த வீட்டில் பரிமாறுவதைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு, யாராவது இது சிலைக்குப் படைத்தது என்று சுட்டிக்காட்டினால் அவருடைய மனச்சாட்சிக்காக விட்டுவிடு. ஆக, பான் சுங் வந்தால் சாப்பிடுங்கள். பச்சரிசி மாதிரித் தெரியும், ஆனால் ஒட்டரிசி, நடுவில் பாசிப்பருப்பும் பன்றிக்கறியும், இலையில் சதுரமாகக் கட்டிப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேகவைத்தது. தெற்கே அதுவே வாழையிலையில் உருளையாக வரும், பேர் பான் தெத்.

பன்றிக்கறி என்றதும் சாம்பல் புதன். இது தற்செயலாக மோதுவதில்லை, கணக்கே அப்படி. உயிர்ப்பு ஞாயிறு என்பது வசந்தகாலப் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு, அங்கிருந்து 46 நாள் பின்னால் போனால் சாம்பல் புதன். பௌர்ணமியிலிருந்து ஒன்றரைச் சந்திர மாதம் பின்னால் போனால் என்ன வரும்? அமாவாசை. அதாவது சாம்பல் புதன் எந்த வருஷமும் ஏதோ ஓர் அமாவாசையை ஒட்டியே வந்து விழும், பெரும்பாலும் அதற்குப் பிந்திய சில நாட்களில். தெத்தின் முதல் நாளும் அமாவாசைதான். ஜனவரி கடைசியில் தெத் வந்தால் சாம்பல் புதன் அடுத்த அமாவாசைக்குத் தள்ளிப்போய்விடும், தப்பித்தோம். பிப்ரவரி நடுவில் வந்தால் ஒரே அமாவாசை, மோதல். 2005-ல் இரண்டும் ஒரே நாள், பிப்ரவரி 9. 2018-ல் தெத் முதல் நாள் தவக்காலத்து முதல் வெள்ளி. 2026-ல் பிப்ரவரி 17 தெத், மறுநாளே சாம்பல் புதன். நீங்கள் போகும் 2027-ல் தெத் பிப்ரவரி 6, சாம்பல் புதன் 10, ஐந்தாம் நாள்.

ஒருசந்தியும் (நோன்பு) சுத்தபோசனமும் (கறி விலக்குவது) திருச்சபைச் சட்டம், கடவுளின் நேரடிக் கட்டளை இல்லை. அதனால் ஆயருக்கு விலக்கு அளிக்க அதிகாரம் உண்டு, தனி ஆளுக்கு என்றால் பங்குத்தந்தையே காரணம் பார்த்து விலக்கலாம். முதல் மூன்று நாளுக்குள் மோதினால், ஆயர்கள் விலக்கு அளித்துவிட்டு இன்னொரு நாள் அந்தத் தவத்தைச் செய்யுங்கள் என்பார்கள். 2018-ல் அமெரிக்காவில் வியட்நாமியர் வாழும் பல மறைமாவட்டங்களும் அப்படித்தான் செய்தன. ஐந்தாம் நாளுக்கு விலக்கு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தால் கோயிலில் அறிவிப்பார்கள், வராவிட்டால் சாம்பல் பூசிக்கொண்டு டோஃபு சாப்பிடுங்கள். நாலு நாளாக ஒட்டரிசியும் பன்றிக்கறியும் சாப்பிட்ட வயிறு உங்களுக்கு நன்றிதான் சொல்லும்.

கடைசியாக, யாரும் சொல்லித்தராத இரண்டு விஷயம். முதல் நாள் காலையில் யார் வீட்டுக்கும் அழைக்காமல் நுழையாதீர்கள். வருஷத்தின் முதல் காலடி யாருடையது என்பதில் அவர்களுக்கு நம்பிக்கை உண்டு, கத்தோலிக்க வீட்டிலும் பாட்டி வெளியே சொல்லாமல் மனதுக்குள் வைத்திருப்பார். நீங்கள் பூசைக்குப் போய்விட்டு மற்றவர்களோடு கும்பலாக வந்தால் வம்பில்லை. இரண்டாவது, சலவை நோட்டாகப் பணம் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், கல்யாணமானவர் நீங்கள், குழந்தைகளுக்குச் சிவப்பு உறை கொடுக்க வேண்டிய பக்கம் வந்துவிட்டீர்கள். கசங்கிய நோட்டு கூடாது. "முதல் நாள் அப்பாவுக்கு, இரண்டாம் நாள் அம்மாவுக்கு, மூன்றாம் நாள் ஆசிரியருக்கு" என்று அங்கே ஒரு பழமொழி, நம்ம மாதா பிதா குரு மாதிரி, அதனால் மூன்றாம் நாள் உங்கள் மனைவி ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த சிஸ்டரைப் பார்க்கக் கூட்டிப்போகலாம், அதற்கும் ஒரு பழக்கூடை. ஊதுவத்தி ஒன்றா மூன்றா என்று கேட்டிருந்தீர்கள். மாமனார் கையில் எத்தனை தருகிறாரோ அத்தனை.